பயிற்றுநர் மாறிய இரு குளிர்காலங்கள்



ஒரு நிறுவனத்திற்குப் புதிய தலைவர் வரும்பொழுது, அதை நெடுங்காலம் தாங்கி நின்ற மூத்தவரின் நிலை என்னவாகும்? பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் குடும்பத் தொழில்களிலும் இக்கேள்வி எழாத இடமில்லை. மூத்தவரின் உழைப்பை மறந்தால் நன்றிகெட்ட செயல். அவருக்காகவே காலத்தை நிறுத்தி வைத்தால் அடுத்த தலைமுறைக்குச் செய்யும் தீங்கு. இவ்விரண்டுக்கும் நடுவே அமெரிக்காவில் ஒரு காற்பந்துக் குழு இருமுறை நின்றது. முதன்முறை 2012ஆம் ஆண்டில்; இரண்டாம் முறை 2018ஆம் ஆண்டில். அந்த வரலாற்றை ஆசிரியர் கண்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தைப் பற்றிச் சிறிது

அமெரிக்கக் காற்பந்து, நாம் அறிந்த காற்பந்தன்று. காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவதும் ஏந்திக்கொண்டு ஓடுவதுமே மிகுதி. ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். தாக்கும் அணியின் நடுநாயகமாக விளங்குபவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்பதை ஏறத்தாழ மூன்று வினாடிகளுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரணியினர் அவரைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவர். அவர்களைத் தடுக்க ஐவர் கொண்ட தடுப்பு வரிசை ஒன்று முன்னால் நிற்கும். இந்த ஐவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆயினும் நம் கதையின் முடிச்சு அவர்களிடந்தான் இருக்கிறது.

இன்னொரு விதியையும் அறிந்துகொள்ள வேண்டும். தேசியக் காற்பந்து லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் இக்குழுக்கள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். சென்ற பருவத்தில் கடைசி நிலையில் நின்ற குழுவுக்கே முதல் வாய்ப்பு. பின்தங்கிய மாணவனை முன்வரிசையில் அமர்த்துவதைப் போன்ற ஏற்பாடு இது.

மேனிங் கட்டிய வீடு

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் குழு முதலில் பால்டிமோர் நகருக்கு உரியது. 1984ஆம் ஆண்டு மார்ச் மாத இரவொன்றில் அதன் உடைமைகள் அனைத்தும் லாரிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபொலிசுக்குக் கொண்டு செல்லப்பட்டன. புதிய நகரத்தில் அக்குழு பல ஆண்டுகள் பெரிய பெயரெடுக்கவில்லை.

1998ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் வாய்ப்பைப் பெற்ற கோல்ட்ஸ், பெய்டன் மேனிங் என்னும் இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. முதற்பருவத்தில் அவர் எறிந்த பந்துகளில் 28 எதிரணியினர் கைகளில் சிக்கின. புதுமுக ஆட்டக்காரர்களில் அதற்கு முன் எவரும் அத்தனை முறை பிழை செய்ததில்லை. குழு 16 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது. அப்பொழுது யாரும் அவரை வெளியே அமர்த்தவில்லை. அடுத்த ஆண்டே குழு 13 ஆட்டங்களில் வென்றது. முதல் தேர்வில் சிவப்பு மையைக் கண்டவுடன் பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானித்துவிடும் பெற்றோர் இந்தப் புள்ளிவிவரத்தைக் குறித்துவைத்துக் கொள்ளலாம்.

மேனிங்கின் தனிச்சிறப்பு அவரது தோள்வலிமை மட்டுமன்று. எதிரணி நிற்கும் முறையைக் கண்ட அந்தக் கணமே, முன்பு வகுத்த திட்டத்தை மாற்றிப் புதிய கட்டளை இடுவார். நாள் பாடக்குறிப்பில் எழுதியிருப்பது ஒன்று. வகுப்பறைக்குள் நுழைந்து மாணவர் முகங்களைப் பார்த்தவுடன் நல்லாசிரியர் செய்வது வேறொன்று. அத்தகைய திறன் அது.

பயிற்றுநர் டோனி டஞ்சியின் காலத்தில், 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், கோல்ட்ஸ் சிகாகோ பேர்ஸ் குழுவை 29–17 என வென்று சூப்பர் பவுல் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அக்கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் என்னும் பெருமையும் டஞ்சியைச் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் புதிய விளையாட்டரங்கம் எழுந்தது. நகரத்துச் சிறுவர் மருத்துவமனை ஒன்றுக்கு மேனிங்கின் பெயரே சூட்டப்பட்டது. 1998 முதல் 2010 வரை, பருவ ஆட்டங்களில் 208ஐத் தொடர்ச்சியாக, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் அவர் தொடங்கி வைத்தார். நகரமும் குழுவும் ஒரே மனிதரைத் தூணாகக் கொண்டு நின்றன.

தூண் சாய்ந்த ஆண்டு

2011ஆம் ஆண்டு அந்தத் தூண் அசைந்தது. கழுத்தில் ஏற்பட்ட பாதிப்பால் மேனிங்கின் எறிகரம் வலுவிழந்தது. செப்டம்பர் மாதம் கழுத்தெலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை நடைபெற்றது. அந்தப் பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் குழு அவருடன் ஐந்தாண்டுகளுக்கு 90 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்திருந்தது.

மாற்று ஆட்டக்காரர்கள் மூவர் மாறி மாறி முயன்றனர். குழு முதல் 13 ஆட்டங்களிலும் தோற்றது. நியூ ஆர்லியன்ஸ் குழுவிடம் 62–7 என்ற கணக்கில் நொறுங்கியது. பருவம் முடிந்தபொழுது 2 வெற்றி, 14 தோல்வி. ஒருவரை மட்டுமே நம்பிய நிறுவனம், அவர் இல்லாதபொழுது எவ்வளவு வெறுமையாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடைசி நிலைக்குத் தள்ளப்பட்ட கோல்ட்ஸ் குழுவுக்கு அடுத்த தேர்வில் முதல் வாய்ப்பு உறுதியாயிற்று. அவ்வாண்டு ஸ்டேன்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தவர் ஆண்ட்ரூ லக். தலைமுறைக்கு ஒருவராக வரும் திறனாளர் என வல்லுநர்கள் அவரைக் கருதினர்.

முதற்குளிர்காலம்: 2012

உரிமையாளர் ஜிம் எர்சே விரைந்து செயல்பட்டார். ஜனவரி 2ஆம் நாள், மேனிங்கைத் தேர்ந்தெடுத்த நிர்வாகி பில் போலியன் நீக்கப்பட்டார். 11ஆம் நாள் ரையன் கிரிக்சன் பொது மேலாளராக அமர்ந்தார். 17ஆம் நாள் பயிற்றுநர் ஜிம் கால்டுவெல் நீக்கப்பட்டார். (திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் கண்ட நம் கால்டுவெல் ஐயருக்கும் இவருக்கும் உள்ள தொடர்பு பெயர் ஒற்றுமை மட்டுமே.) ஈராண்டுகளுக்கு முன்புதான் இந்தக் கால்டுவெல் இக்குழுவைச் சூப்பர் பவுல் வரை அழைத்துச் சென்றிருந்தார். 25ஆம் நாள், பால்டிமோர் குழுவின் தற்காப்புப் பிரிவை நடத்திவந்த சக் பகானோ புதிய தலைமைப் பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன் அவர் எந்தத் தொழில்முறைக் குழுவுக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்ததில்லை.

ஒரே மாதத்தில் வீட்டின் சுவர்கள் அனைத்தும் மாறின. பழைய தூண் மட்டும் நடுவில் நின்றது. கட்டடத்திற்குள் அனைவரும் அச்சத்தோடு நடமாடுகின்றனர் என்று மேனிங் உள்ளூர்ச் செய்தியாளரிடம் மனம் திறந்தார். இத்தகைய பேச்சு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் எர்சே வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டின் சூப்பர் பவுல் ஆட்டமும் அதே இண்டியானாபொலிஸ் அரங்கத்தில்தான் நடந்தது. பிப்ரவரி 5ஆம் நாள் அங்குக் கிண்ணத்தை ஏந்தியவர், நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங். பெய்டனின் உடன்பிறந்த தம்பி! அண்ணன் கட்டிய வீட்டில் தம்பிக்கு மாலை விழுந்தது. அண்ணனோ அடுத்த மாதம் அங்கு இருப்போமா என்பதே தெரியாத நிலையில் இருந்தார்.

இனி, கணக்கைப் பார்ப்போம். மார்ச் 8ஆம் நாள் மேனிங் குழுவில் நீடித்தால் அவருக்கு 28 மில்லியன் டாலர் ஊக்கத்தொகை வழங்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் புதிய ஊதிய உடன்படிக்கையால் புதுமுகங்களின் சம்பளம் பெரிதும் குறைந்திருந்தது. லக்கிற்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 22 மில்லியன் டாலர்தான். ஒரு குழு தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் அவ்வாண்டு செலவிடக்கூடிய உச்சவரம்போ 120.6 மில்லியன் டாலர். 36 வயதை நெருங்கும், கழுத்தில் அறுவை சிகிச்சை கண்ட ஒருவர். 22 வயதான, நலமான ஒருவர். எண்கள் ஒரு பக்கமே சாய்ந்தன.

மார்ச் 7ஆம் நாள் எர்சேயும் மேனிங்கும் ஒரே மேடையில் நின்று பிரிவை அறிவித்தனர். இருவர் குரலும் தழுதழுத்தது. மேனிங் எவரையும் பழிக்கவில்லை. உரிமையாளர் முதல் விளையாட்டுக் கருவிகளைப் பேணும் ஊழியர்கள் வரை அனைவருக்கும் நன்றி கூறினார். இந்தக் காட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். முடிவு கடுமையானதுதான். எனினும் அதைக் கடிதத்தில் அனுப்பவில்லை. பிறர் வாயால் சொல்லவில்லை. நேருக்கு நேர் நின்று, நகரமே பார்க்கச் சொன்னார்கள். பல்லாண்டு பணியாற்றிய ஓர் ஆசிரியர் தம் வகுப்பு வேறொருவருக்கு மாற்றப்பட்டதை அறிவிப்புப் பலகையைப் பார்த்து அறிந்துகொள்ளும் நிலை நம்மிடையே எங்கும் வரலாகாது.

பயிற்றுநரின் அறை விளக்கு

ஏப்ரல் மாதத் தேர்வில் லக் முதல்வராக அழைக்கப்பட்டார். பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே பேரிடி விழுந்தது. புதிய பயிற்றுநர் பகானோவுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருப்பதாக அக்டோபர் 1ஆம் நாள் அறிவிக்கப்பட்டது.

பொறுப்பை ஏற்றவர் புரூஸ் ஏரியன்ஸ். இவர் 1998ஆம் ஆண்டில், பிழை மேல் பிழை செய்த அந்தப் புதுமுக மேனிங்கிற்கு அருகிருந்து பயிற்சியளித்தவர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு புதுமுகத்தின் பக்கத்தில் நின்றார். பகானோவின் அலுவலக அறையில் விளக்கை அணைக்க வேண்டா என்றார். அவர் திரும்பி வரும் வரை அது எரிந்துகொண்டே இருந்தது. அக்டோபர் 7ஆம் நாள் கிரீன் பே குழுவுக்கு எதிராக இடைவேளையில் 3–21 எனப் பின்தங்கியிருந்த கோல்ட்ஸ், 30–27 என வென்றது. வெற்றிப் பந்து மருத்துவமனைக்குச் சென்றது. ஆட்டக்காரர் பலர் பயிற்றுநருக்காகத் தலையை மழித்துக்கொண்டனர். ஏரியன்ஸ் பொறுப்பில் 9 வெற்றி, 3 தோல்வி. டிசம்பர் இறுதியில் பகானோ நலம்பெற்றுத் திரும்பினார். முந்தைய ஆண்டு 2 ஆட்டங்களை வென்ற குழு அவ்வாண்டு 11 ஆட்டங்களை வென்றது.

மேனிங் டென்வர் புரோங்கோஸ் குழுவில் சேர்ந்தார். அவர் கழுத்தும் கையும் தேறின. 2013ஆம் ஆண்டில் 55 டச்டவுன் எறிதல்கள் என்னும் சாதனையைப் படைத்தார். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் டென்வருக்கும் சூப்பர் பவுல் கிண்ணத்தை வென்று தந்தார். அதற்கு அடுத்த மாதம், மார்ச் 7ஆம் நாள், ஓய்வை அறிவித்தார். இண்டியானாபொலிசை விட்டுப் பிரிந்து சரியாக நான்கு ஆண்டுகள்!

அப்படியாயின் கோல்ட்ஸ் எடுத்த முடிவு தவறா? நான் அவ்வாறு கருதவில்லை. டென்வர் அவருக்குக் கொடுத்தது, ஏற்கனவே வலிமையாக இருந்த ஒரு குழுவை. கோல்ட்ஸிடமோ மீண்டும் கட்ட வேண்டிய வீடே இருந்தது. கையில் இருந்த தகவலைக் கொண்டு எடுத்த முடிவைப் பின்னால் வந்த விளைவைக் கொண்டு மட்டும் அளப்பது நேர்மையன்று. ஆனால், கோல்ட்ஸின் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருந்தது.

காக்கப்படாத வாரிசு

லக் வந்த முதல் மூன்று பருவங்களிலும் குழு 11 வெற்றிகளைப் பெற்றது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 28 புள்ளிகள் பின்தங்கியிருந்தும் 45–44 என வென்றது. நகரம் கொண்டாடியது. மேனிங்கின் இடம் நிரம்பிவிட்டது என்று அனைவரும் எண்ணினர்.

ஆனால், முதற்பருவத்திலேயே லக் 41 முறை பந்தோடு தரையில் வீழ்த்தப்பட்டார். இந்த எண்ணை யாரும் கொண்டாடவில்லை. போதிய அளவு கவலைப்படவும் இல்லை. வெற்றி அந்த எண்ணை மறைத்தது. தோற்றிருந்தால் காரணம் தேடியிருப்பர். வென்றதால் தடுப்பு வரிசையின் பலவீனம் கண்ணுக்குத் தெரியவில்லை. 2015ஆம் ஆண்டில் தோளில் காயம். அதே ஆண்டு நவம்பரில், மேனிங்கின் டென்வர் குழுவுக்கு எதிரான ஆட்டத்தில், சிறுநீரகத்தில் கிழிசல். 2016ஆம் ஆண்டில் தோள்வலியோடே ஆடினார்; மீண்டும் 41 முறை வீழ்த்தப்பட்டார். 2017 ஜனவரியில் தோளில் அறுவை சிகிச்சை. அவ்வாண்டுப் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை.

2017ஆம் ஆண்டு அக்டோபரில் அரங்கத்தின் வாயிலில் மேனிங்கிற்குச் சிலை திறக்கப்பட்டது. அவர் அணிந்த 18ஆம் எண் இனி எவருக்கும் இல்லை என அறிவிக்கப்பட்டது. சிலைக்கு மாலை; வாரிசுக்கோ மருத்துவச் சிகிச்சை. போனவரைப் போற்றத் தெரிந்த நிறுவனத்திற்கு இருப்பவரைக் காக்கத் தெரியவில்லை.

இரண்டாம் குளிர்காலம்: 2018

2017ஆம் ஆண்டின் கடைசி நாள் பகானோ நீக்கப்பட்டார். பொது மேலாளர் கிரிக்சன் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே நீக்கப்பட்டு, கிரிஸ் பாலர்ட் வந்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்த அதே படம்: புதிய பயிற்றுநர் யார்? காயமுற்ற குவார்ட்டர்பேக்கின் எதிர்காலம் என்ன?

பிப்ரவரி 6ஆம் நாள் ஜோஷ் மெக்டேனியல்ஸ் புதிய பயிற்றுநர் எனக் குழு அறிவித்தது. அன்று இரவே அவர் வரவில்லை என்று கையை விரித்துவிட்டார். அவரை நம்பி மூன்று துணைப் பயிற்றுநர்கள் முன்னதாகவே ஒப்பந்தம் செய்திருந்தனர். அவர்களைக் கைவிட மாட்டோம் என்று பாலர்ட் நின்றார். ஐந்தே நாளில் ஃபிராங்க் ரைக் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரும் முன்பு இதே குழுவில் மேனிங்கின் பயிற்றுநராக இருந்தவர். தாம் ஆடிய காலத்தில், 1993 ஜனவரியில், மாற்று ஆட்டக்காரராக இறங்கி 32 புள்ளிகள் பின்தங்கிய பஃபலோ குழுவை மீட்டவர்.

இம்முறை குழு முதலில் கேட்ட கேள்வி மாறியிருந்தது. 'இவரை வைத்துக்கொள்வதா?' என்று மட்டும் கேட்கவில்லை. 'இவரை எப்படிக் காப்பது?' என்றும் கேட்டனர். 2018ஆம் ஆண்டுத் தேர்வில் ஆறாவது வாய்ப்பைத் தடுப்பு வரிசை ஆட்டக்காரரான குவென்டன் நெல்சனுக்குச் செலவிட்டனர். பெயர்பெறாத வேலைக்குப் பெருவிலை கொடுப்பது அரிது. பலன் உடனே தெரிந்தது. 41 முறை வீழ்த்தப்பட்ட லக், அப்பருவத்தில் 18 முறை மட்டுமே வீழ்த்தப்பட்டார். அவ்வாண்டு லீக்கிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை அது. முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தில் தோற்ற குழு, முடிவில் 10 வெற்றிகளைப் பெற்றது. லக் 39 டச்டவுன் எறிதல்களுடன், மீண்டெழுந்த சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார்.

ஆயினும் மருந்து காலந்தாழ்ந்து வந்தது. 2019ஆம் ஆண்டில் காலில் புதிய காயம். ஆகஸ்டு 24ஆம் நாள், 29ஆம் வயதில், லக் ஓய்வை அறிவித்தார். காயம், வலி, சிகிச்சை, மீண்டும் காயம் என்னும் சுழலில் ஆட்டத்தின் மகிழ்ச்சியே போய்விட்டது என்றார். செய்தி பரவிய அந்த மாலையில், அவர் களத்தை விட்டு நடந்தபொழுது சொந்த இரசிகர் சிலரே கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஏழாண்டு தங்களுக்காக அடிபட்ட உடல் அது என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

அதன்பின் 2019 முதல் 2023 வரை ஒவ்வொரு பருவத்தின் முதல் ஆட்டத்தையும் ஒவ்வொரு புதிய குவார்ட்டர்பேக்கே தொடங்கினார். ரைக்கும் 2022 நவம்பரில் நீக்கப்பட்டார். இரு குளிர்காலங்களிலும் முடிவெடுத்த உரிமையாளர் எர்சே 2025ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். லக்கின் கதை நம்மைப் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் இடத்தில் தொடர்கிறது. அவர் ஸ்டேன்ஃபோர்டுக்குத் திரும்பிக் கல்வியியலில் முதுகலை பயின்றார். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். 2024ஆம் ஆண்டு நவம்பரில் அப்பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் பொது மேலாளரானார்.

நமக்கான பாடம்

ஆசிரியர்களே, பெற்றோர்களே! இவ்வரலாற்றைப் படிப்பவர் பெரும்பாலும் மேனிங்கை விட்டது சரியா என்ற விவாதத்தோடு நின்றுவிடுகின்றனர். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்த 41 என்னும் எண்.

பள்ளியில் எல்லாப் போட்டிகளுக்கும் ஒரே மாணவியை அனுப்புகிறோம். பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, குறுக்கோட்டம் என அனைத்திற்கும் அவளே. பரிசுகள் வருவதால் அவள் சோர்வு நம் கண்ணில் படுவதில்லை. வீட்டிலும் அப்படியே: தேர்ச்சி அறிக்கை நன்றாக இருந்தால் பிள்ளை நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். வெற்றி பெறும் குழந்தையைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகக் கவலைப்படுகிறோம். அவள் ஒருநாள் 'எனக்கு வேண்டா, ஆசிரியரே' என்று விலகும்பொழுது, களத்தின் ஓரத்தில் நின்று கூச்சலிட்டவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இருக்க வேண்டும்.

யாரை முன்னே நிறுத்துவது என்று முடிவு செய்யும் கூட்டத்திலேயே, அவர் முன்னால் நின்று காக்கப்போகும் ஐவர் யார் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். பள்ளியில் அந்த ஐவர், உடன் பணிபுரியும் ஆசிரியராகவோ, ஆலோசக ஆசிரியராகவோ, 'இன்று போதும், போய் விளையாடு' என்று சொல்லும் தாயாகவோ இருக்கலாம்.

உங்கள் பள்ளியிலும் இல்லத்திலும் அந்த வரிசை வலுவாக நிற்கட்டும். மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.